முகம் தெரிகிறது, கை தெரியவில்லை

இன்டர்நெட் கம்பெனியில் அவனுக்கு ‘ஒருநடை’ என்று பெயர். எந்த வீட்டு ரிப்பேராக இருந்தாலும் ஒரே நடையில் முடித்துவிட்டு வருவான். இரண்டாவது முறை அந்தப் படியை மிதிக்க மாட்டான். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவன் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டுவிட்டான். அதனால் ஒரு லாரி டிரைவர் வீட்டிலிருந்து மறுபடியும் புகார் வந்தபோது ஆபீசில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல்.

“ஒருநடை இன்னைக்கு ரெண்டு நடை ஆகுது,” என்றார் சூப்பர்வைசர். “புகாரைக் கேளு. ‘வீடியோ கால்ல முகம் தெரியுது, கை தெரியல.’ கையைப் பாத்து என்ன பண்ணப் போறாங்களாம், ஜோசியமா?”

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போன வாரம்தான் அந்த வீட்டு வேலையை முடித்திருந்தான். டிரைவர் பக்கத்தில் நிற்க, அவருடைய வைஃபையில் தன் போனை இணைத்து, ஆபீஸ் நண்பனை வீடியோவில் கூப்பிட்டு, “ஹலோ, ஹலோ, கேக்குதா?” என்று தொண்டை வற்றக் கத்திப் பார்த்திருந்தான். கேட்டது. நண்பனின் மூஞ்சி, பார்க்கச் சகிக்காவிட்டாலும், தெளிவாகத்தான் இருந்தது. டிரைவரும் தலையாட்டினார். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

வாசலில் பெல்லை அழுத்தினான். சத்தமே இல்லை. பெல்லும் கெட்டுப்போச்சா, இனி அதையும் நம் தலையில் கட்டுவார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி அழுத்தினான். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், கூடத்தில் ஒரு பல்பு பளிச் பளிச்சென்று எரிந்து அணைந்தது. டிரைவரின் மனைவி வந்து கதவைத் திறந்தாள். போன தடவை அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் வாயைத் திறக்கும் முன்னே போனை நீட்டினாள். அதில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள்: ‘எனக்குக் காது கேக்காது. டைப் பண்ணுங்க சார். அவர் லோடு ஏத்திட்டுப் போயிட்டார்.’

அவன் முகத்தில் அசடு வழிந்தது. வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த சண்டையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ‘என்ன பிரச்சினை மேடம்?’ என்று எழுதினான்.

அவள் மளமளவென்று தட்டினாள். அவளுடைய அம்மாவுக்கும் காது கேட்காது. எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற சைகையும் தெரியாது. மகளும் தாயும் வீட்டுக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சு ஒன்றுதான் அம்மாவின் மொத்த மொழி. அது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். தம்பிக்குக் காது கேட்கும். அவன் சின்ன வயசிலேயே ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் ‘சாப்பிடு’, ‘தூங்கு’ என்பதற்கு மேல் வராது. அம்மா இப்போது அந்தத் தம்பி ஊர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். சர்க்கரைப் புண். பாதத்தை எடுக்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை, இன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்கிறார் டாக்டர். இவள் இப்போது பஸ் ஏறினாலும் நாளைக்குத்தான் போய்ச் சேருவாள். மொபைல் நெட் இவள் வீட்டுச் சந்தில் பேருக்குத்தான்.

‘அம்மா சரின்னு தலையாட்டிட்டாங்கன்னு தம்பி சொல்றான்,’ என்று எழுதினாள். ‘அவங்க எல்லாத்துக்கும் தலையாட்டுவாங்க. எதுக்கு ஆட்டுறாங்கன்னு அவனுக்குத் தெரியாது. நான் கேக்கணும்.’

‘கூப்பிட்டுக் காட்டுங்க,’ என்று எழுதினான்.

போனை மேஜைமேல் சாய்த்து வைத்துக் கூப்பிட்டாள். தம்பி தெரிந்தான், பிறகு அம்மா. முகம் பளிங்கு மாதிரி இருந்தது. அம்மா கையைத் தூக்கினாள். கை இருக்க வேண்டிய இடத்தில் கலங்கல் தண்ணீர் மாதிரி என்னவோ அசைந்தது. படம் நின்றது. மறுபடி ஓடியபோது கை வேறெங்கோ இருந்தது.

அவன் தலையில் அடித்துக்கொண்டான். உட்கார்ந்த இடத்தில் வாயை மட்டும் அசைக்கிறவர்களுக்கு இந்த லைன் தாராளமாகப் போதும். கையால் பேசுகிறவர்களுக்கு இது ஊமை லைன். காதால் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று போயிருக்கிறான். வெட்கமாக இருந்தது.

அலமாரியின் மேல் இரண்டு ரௌட்டர்கள் இருந்தன. ஒன்று கம்பெனி கொடுத்தது. மற்றது டிரைவர் தன் பங்குக்கு வாங்கி மாட்டியது. நெட் வழியாகத் திருடன் வருவான் என்று யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள். மனுஷன் அதன் ஃபயர்வாலை உச்சத்தில் வைத்துவிட்டார். வெப்சைட் பார்க்கிற வழியைத் தவிர எல்லாம் அடைப்பு. வீடியோ ஆப் தனக்கான அகலமான பாதை கிடைக்காமல், அந்த ஒரு சந்துக்குள் புகுந்து முட்டி மோதிக்கொண்டிருந்தது.

டிரைவரின் ரௌட்டரைப் பிடுங்கிப் போட்டிருந்தால் நொடியில் முடிந்திருக்கும். போன வாரத்து ஒருநடை அதைத்தான் செய்திருப்பான். இப்போது அவளிடம் பாஸ்வேர்ட் வாங்கி, அந்த ஆப் வெளியே போகிற வழிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்தான். நெரிசல் வந்தால் அவள் போனுக்கே முதலிடம் என்று செட்டிங்கில் வைத்தான்.

‘திருடன் வர மாட்டானே?’ என்று எழுதிக் காட்டினாள்.

‘நீங்க கூப்பிட்டவங்க மட்டும்தான் வருவாங்க.’

அவள் முதல் முறையாகச் சிரித்தாள். மறுபடி கூப்பிட்டாள்.

இந்தத் தடவை கை வந்தது. விரல் விரலாக, ஊசி குத்தியிருந்த இடத்துப் பிளாஸ்திரிவரை தெரிந்தது. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மகள் என்னவோ கேட்டாள்; அம்மா கன்னத்தைத் தட்டி என்னவோ சொன்னாள்; இருவரும் கொஞ்ச நேரம் குசலம் விசாரித்துக்கொண்டார்கள் போலிருந்தது. பிறகு மகள் குனிந்து தன் கணுக்காலைத் தொட்டாள். உள்ளங்கையைக் கத்தியாக்கி அதன் குறுக்கே இழுத்தாள்.

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. இந்த நிமிஷம்வரை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை என்பது ஒருநடைக்கே புரிந்தது.

மகள் விடாமல் பேசினாள். நெஞ்சைத் தொட்டாள், கும்பிட்டாள், தன்னைக் காட்டி அம்மாவைக் காட்டினாள். அம்மா உள்ளங்கையைத் திருப்பி, மெதுவாக, எதிரே இருப்பதைத் தள்ளுவதுபோல் தள்ளினாள். மறுபடியும் தள்ளினாள். அதற்கு மொழி தேவைப்படவில்லை.

“அம்மா சரின்னுட்டாங்களா அக்கா?” என்று தம்பியின் குரல் வந்தது. பதற்றத்தில் அக்காவுக்குக் கேட்காது என்பதையே மறந்துவிட்டான். “டாக்டர் வெயிட் பண்றார்.”

அந்தக் கூடத்தில் அது ஒருநடைக்கு மட்டும்தான் கேட்டது. “இல்லீங்க,” என்றான், தன்னையறியாமல்.

அம்மா, இனிக் கேட்க மாட்டேன் என்பதுபோல், கண்ணை மூடிக்கொண்டாள்.

மகள் சடாரென்று திரும்பினாள். திரையைக் காட்டினாள், ரௌட்டரைக் காட்டினாள், கையை விரித்தாள். மறுபடி நின்றுவிட்டதா?

அவன் குனிந்து பார்த்தான். குளுக்கோஸ் பாட்டிலில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் திரைச்சீலை ஆடியது. போர்வை ஏறி இறங்கியது. ஆமாம் என்று சொல்லிவிடலாம்; ஒரு வேலைநாளில் அதைவிடச் சுலபமான பொய் கிடையாது. அவன் போனை வாங்கி எழுதினான்: ‘லைன் நல்லா இருக்கு மேடம். படம் நிக்கல.’

அவள் அதைப் படித்தாள். பிறகு திரைக்கு இன்னும் கிட்டே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண் மூடிக் கிடந்த அம்மாவின் முன்னால் இரண்டு கைகளையும் தூக்கிப் பேச ஆரம்பித்தாள்.