முந்திக்கொண்ட பில் கிளாஸ்

“ஏன்க்கா, ஊர்ல உள்ள கிளாஸையெல்லாம் அளக்குறே, என்னுது மேல மட்டும் கை வைக்கப் பயமா?” என்று தம்பி அன்று கேட்டபோது அலுவலகமே காதைத் தீட்டிக்கொண்டது. அக்காவும் தம்பியும் அடுத்தடுத்த மேசைகளில் ஜாவா மொழியில் கணினி நிரல் எழுதுகிறவர்கள். வீட்டில் தீராத சண்டை இங்கே வந்துதான் தீரும்.

அன்று வந்தது வேலைச் சண்டை. அவர்கள் எழுதிய பில் போடும் மென்பொருளில் பில் வர நேரமாகிறது என்று, அதை வாங்கிய கடைக்காரர்கள் கத்தினார்கள். யார் எழுதிய பகுதி இழுக்கிறதோ அவரே அதைத் திருப்பி எழுத வேண்டும், மதியத்துக்குள் தெரியாவிட்டால் அக்காதான் தன் பகுதியைத் திருப்பி எழுத வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து பார்க்க அக்காவே ஒரு நிரல் எழுதியிருந்தாள். ஜாவாவில் கிளாஸ் என்றால் நிரலின் ஒரு துண்டு; அது முதல்முறை தேவைப்படும்போதுதான் உள்ளே வரும். அப்படி வரும்போதே வாசலில் மடக்கி, இயந்திரம் படிக்கும் அதன் பைட்கோடில் நேரம் குறிக்கும் கட்டளைகளைச் செருகி அனுப்புவதுதான் அந்த நிரலின் வேலை. எல்லாக் கிளாஸும் சமர்த்தாகச் செருகிக்கொண்டு போயின. தம்பியின் பில் கிளாஸுக்கு மட்டும் ஒரு நேரமும் பதிவாகவில்லை.

“நல்ல கோடிங்கைத் தொட மிஷினுக்கே கூசுதுக்கா.”

“உன் கோடிங்கைப் பாத்தா எனக்கே கூசுதுடா. வாயை மூடு கொஞ்சம்.”

தன் நிரலை மேலிருந்து படித்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தம்பி பழைய கிளாஸை வைத்து ஏமாற்றிவிடுவானோ என்று, அது எங்கிருந்து வருகிறது எனப் பார்க்க முதல் வரியிலேயே அதைக் கூப்பிட்டிருந்தாள். கூப்பிட்டதும் அது மரியாதையாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. வாசலில் ஆள் நிறுத்தியது அடுத்த வரியில்தான். உட்கார்ந்ததை எழுப்பித் திருத்தும் ஏற்பாடும் அவள் செய்யவில்லை.

“என்னக்கா, முகமே சரியில்லையே?”

“உன்னை வேவு பாக்கப் போய், நானே உன்னை உள்ள விட்டிருக்கேன்டா.”

அந்த வரியை அழித்துவிட்டு ஓட்டினாள். மேலாளரும் பின்னால் வந்து நின்றார். அக்காவின் பகுதி கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்திருந்தது. பில் கிளாஸோ ஒவ்வொரு பொருளுக்கும் விலைக் கோப்பை முதலிலிருந்து திறந்து படித்துக்கொண்டிருந்தது.

“ஏம்ப்பா, சோப்பு வாங்கினா ஒரு தடவை, கூடவே சீப்பு வாங்கினா இன்னொரு தடவையா?” என்றார் மேலாளர்.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையையே பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால்கூட அவனுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். தம்பி மடிக்கணினியை மூடினான். சார்ஜரைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அறையை விட்டு வெளியேறினான்.