தண்ணி பட்ட செற்

பவிதரன் றேடியோ திருத்தும் கடை வாசல் பலகையில் உட்கார்ந்து, நகத்து இடுக்கில் காய்ந்திருந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். தான் பெயின்ட் அடிக்கும் ஹாஜியார் வீட்டு அம்பிளிபயர் செற்றைச் சாரத்தில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி, கல்முனைக்குடியிலிருந்து உருட்டிக்கொண்டே வந்திருந்தான். உள்ளே, அவன் அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் றாஸிக் மூடியைக் கழற்றிவிட்டு, சீரிஸ் பல்பு வழியாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தான். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது, கரண்ட் எங்கோ குறுக்கே பாய்கிறது என்பதற்கு அடையாளம்.

"எங்கயோ சோட். எப்ப நிண்டது தம்பி?"

"நேற்றுப் பின்னேரம் காக்கா. முந்தாநாள் ஹோல் சுவரக் கழுவிப் பெயின்ட் அடிச்சு முடிச்சன். அதுக்குப் பிறகும் நல்லாத்தான் படிச்சது." சற்றுப் பொறுத்து, "மேல்மாடி இன்னும் கிடக்கு. அது முடிஞ்சா அந்தத் தெருவில இன்னும் வீடுகள் கேட்டிருக்காங்க" என்றான். பெரிய பாஸ்மாருக்கு, அதாவது மேஸ்திரிமாருக்கு, கீழே கூலிக்கு நின்றவனுக்குத் தன் பேரில் கிடைத்த முதல் வீடு அது.

அப்போது மீராமுகைதீன் ஹாஜியாரே றாஸிக்குக்குப் போன் எடுத்தார். என்ன பழுதாம் என்று கேட்டார். றாஸிக்கின் கண் போர்டில் படிந்திருந்த பச்சையில் நின்றது. கடற்கரை ஊரில் எந்தச் செற்றைத் திறந்தாலும் உப்புக்காற்றின் அந்தப் பச்சை இருக்கும். திருத்துகிறவர்கள் தங்களுக்குள் அதைத் 'தண்ணி பட்டது' என்றுதான் சொல்வார்கள். வாடிக்கைக்காரர்களுக்கு உடனே ஒரு காரணம் வேண்டும். றாஸிக்கின் வாயில் அது எப்போதும் தயாராக இருக்கும்.

"தண்ணி பட்டிருக்கு ஹாஜியார். பாத்துச் சொல்றன்."

பவிதரனின் கை நின்றது. "காக்கா, நான் செற்றப் பொலித்தீனால மூடிப்போட்டுத்தானே சுவரக் கழுவின?"

"உன்னச் சொல்லல்லடா. இது உப்புக்காத்துப் பச்ச. ஹாஜியாருக்கு மறுகா விளங்கப்படுத்துறன்."

அந்த நேரம் பார்த்து ஒருவர் மின்விசிறியோடு வந்தார். அவரோடு கதைத்து முடிய, பிறகு சொல்ல இருந்த அந்த மறுகாவும் மறந்துபோயிற்று.

இடது பக்க ட்ரான்சிஸ்டர்கள் கருகியிருந்தன. அவற்றை மாற்றிக் கடை ஸ்பீக்கரில் போட்டபோது செற் குயிலாகப் பாடியது. வாரக் கடைசியில் றாஸிக் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தான். மாடிப்படியில் வேறொருவன் சுவரை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"பவிதரன் எங்க ஹாஜியார்?"

"கணக்க முடிச்சு அனுப்பிட்டன். செற்றுல தண்ணியையும் ஊத்திப்போட்டு, மூடி வெச்சனெண்டு பொய் வேற. தெருவில உள்ளவங்களுக்கும் சொல்லிட்டன்."

"நான் சொன்ன தண்ணி உப்புக்காத்து ஹாஜியார்."

"நீங்க தண்ணியெண்டுதானே சொன்ன?"

அப்படித்தான் சொல்லியிருந்தான். குனிந்து வயர்களைப் பூட்டினான். சுவிட்சைப் போட்டதும், சோட் இருந்தால் சத்தத்தை வெட்டிவிடும் றிலே உள்ளே 'டிக்' என்று விழுந்தது. சத்தம் இல்லை. இடது ஸ்பீக்கர் வயரைக் கழற்றினான். வலது பக்கம் பாடியது. திரும்பப் பூட்டினான், 'டிக்'. செற்றை விட்டுவிட்டு அந்த வயரில் மீற்றரை வைத்தான். மீற்றர் நிறுத்தாமல் கூவியது; சோட் செற்றில் இல்லை, வயரில்.

வயர் சுவருக்குள்ளால் போயிருந்தது. போகும் வழியில், புதுப் பெயின்டின் மேல், பெரிய மணிக்கூடு தொங்கியது. றாஸிக் அதைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டுக் குறட்டால் ஆணியைப் பிடுங்கினான். கூவல் நின்றது. ஆணி நுனியில் செம்பு மினுங்கியது.

"இந்த ஆணிய ஆரு அடிச்ச ஹாஜியார்?"

"நான்தான். பெயின்ட் காஞ்சதும் மணிக்கூட்டத் தூக்கினன்."

"அண்டைக்குப் பின்னேரம்தானே செற் நிண்ட?"

ஹாஜியார் ஆணியை வாங்கி விரலுக்குள் உருட்டினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. முகம் சுண்டித்தான் போயிற்று.

"பவிதரனக் கூப்பிட்டு ஒரு வார்த்த சொல்லுங்க."

"என்னெண்டு றாஸிக் கூப்பிடுற? தெருவெல்லாம் சொல்லித் திரிஞ்சதப் பொய்யெண்டு நானே போய்ச் சொல்றதா? விடுங்க. செற் சரிதானே?"

றாஸிக் பவிதரனுக்குப் போன் எடுத்தான். மறுமுனையில் பஸ் இரைந்தது. கொழும்பில் ஒரு கட்டட வேலைக்குப் போகிறானாம். மனைவியைத் தாய் வீட்டில் விட்டிருக்கிறானாம்.

"பவிதரன், தண்ணி இல்லடா. ஆணி. சுவருக்குள்ள வயரக் குத்தியிருக்கு. என்ட வாயாலதான் உனக்கு இப்பிடியானது."

"ஹாஜியாருக்குச் சொன்னீங்களா காக்கா?" என்றான் பவிதரன்.

"சொன்னன்."

"அவர் என்னவாம்?"

ஹாஜியார் செற்றைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினார். ஹோல் முழுக்கப் பாட்டு நிறைந்தது. பவிதரன் திரும்பவும் என்னவோ கேட்டான். றாஸிக்குக்கு அது கேட்கவில்லை.

ஹாஜியார் மாடிப்படியில் நின்றவனைக் கைகாட்டி அழைத்து, சுவரில் இருந்த ஓட்டையைக் காட்டினார். அவன் அதில் பட்டிப் பசையை அப்பித் தேய்த்தான். காய்ந்ததும், பவிதரன் இந்தச் சுவருக்கென்று கலந்து, மீதியை மூடி இறுக்கி வைத்துவிட்டுப் போயிருந்த வாளியைத் திறந்து தூரிகையைத் தோய்த்தான். நிறம் அச்சொட்டாகப் பொருந்தியது. ஆணி எங்கே இருந்ததென்று பிறகு றாஸிக்காலும் கண்டுபிடிக்க முடியவில்லை.