கட்டிலுக்கு அடியில் ஒரு தோட்டம்

கிரேன் ஓட்டுபவர் குப்புறப் படுத்து அன்றோடு இரண்டு நாள். இன்னும் ஐந்து நாள் பாக்கி.

அவருடைய வலது கண்ணுக்குள் விழித்திரை உரிந்துவிட்டது. ஈரம் ஏறிய சுவரில் ஒட்டிய காகிதம் கழன்று வருமே, அது மாதிரி. டாக்டர் அதைத் திரும்ப ஒட்டிவிட்டுக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டிருந்தார். குமிழி எப்போதும் மேலே போகத்தான் பார்க்கும். உரிந்த இடமோ கண்ணின் பின்புறம். முகம் தரையைப் பார்த்து இருந்தால் பின்புறம் மேலே வரும். குமிழி அங்கே போய் நின்று, பசை காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொள்ளும். தலையைத் தூக்கினால் கை விலகிவிடும்.

ஒட்டினால் பார்வை உண்டு. ஒட்டாவிட்டால் ஒற்றைக் கண்தான். அறுபது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து இரும்பு உத்திரத்தை ஆட்கள் நடுவே இறக்குகிறவருக்கு, தூரத்தைக் கணிக்க இரண்டு கண்ணும் வேண்டும். ஒரு கண் போனால் வேலையும் போச்சு.

"இருபது வருஷமா மேலேருந்து கீழே பார்த்துச் சம்பளம் வாங்கினவன் நீ. இப்போ ஒரு வாரம் ஓசியில பாரேன், என்ன குறைஞ்சிடும்?" என்று அவருடைய அக்கா போனில் கேட்டாள்.

"அங்கே பார்க்கிறதுக்கு ஊரே இருக்கும் அக்கா. இங்கே தரையில நாலு ஓடு இருக்கு. அதுல ஒண்ணு விரிசல்."

அன்று மதியமே வேலையிலிருந்து வந்த மனைவி, அவர் கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"எத்தனை தடவை திரும்பிப் படுத்தீங்க?"

"ரெண்டு."

"உண்மையைச் சொல்லுங்க."

"எண்ணலை."

அவள் திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த மடிப்பை விரலால் தடவிப் பார்த்தாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அவள் பல் மருத்துவமனையில் உதவியாளர். "மேல்பல்லைப் பார்க்கணும்னா நாங்க தலையைக் கொண்டுபோய் வாய்க்குள்ள விடறதில்லை, கண்ணாடியைத்தான் விடுவோம்" என்றபடி எழுந்து, அலமாரிக் கதவில் மாட்டியிருந்த நிலைக்கண்ணாடியைக் கழற்றினாள்.

அந்த அறைக்குத் தோட்டத்துப் பக்கம் தரைவரைக்கும் கண்ணாடிக் கதவு. கட்டிலை அதன் அருகே இழுத்து, கதவுப் பக்கம் அவர் தலையைக் கட்டில் விளிம்புக்கு வெளியே வரச் செய்து, நெற்றிக்கு மட்டும் ஒரு பெல்ட்டைக் குறுக்கே கட்டித் தாங்கல் கொடுத்தாள். நேர்கீழே தரையில் நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்தாள்.

"என்ன தெரியுது?"

"மண்ணு மேல இருக்கு, வானம் கீழ இருக்கு. குருவியெல்லாம் வௌவால் மாதிரி தொங்குது."

அவள் சிரித்தாள். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, பல் கண்ணாடியைப் பிடித்திருப்பதுபோல் காற்றில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "தோட்டத்துப் பக்கம் காலை நீட்டுங்க. தலை இந்தப் பக்கம் வரட்டும்."

"தோட்டத்தைப் பார்க்கத் தோட்டத்துக்குக் காலைக் காட்டணுமா?"

"ஆமா. முன்னால இருக்கிறதைப் பார்த்தா தலைகீழா விழும், பின்னால இருக்கிறதைப் பார்த்தா நேரா விழும். வாத்தியார் மாதிரி கேள்வி கேட்காம திரும்புங்க."

பெல்ட்டையும் கண்ணாடியையும் அந்தப் பக்கத்துக்கு மாற்றினாள். இப்போது பார்வை கண்ணாடியில் பட்டு, கட்டிலுக்கு அடியில் புகுந்து வெளியே போக வேண்டும். கட்டிலுக்கு அடியிலோ இரண்டு பெட்டிகள், ஓடாத ஒரு மின்விசிறி, போன வருஷம் வீடெல்லாம் தேடிய ஒற்றைச் செருப்பு. எல்லாவற்றையும் அவள் இழுத்துப் போட்டதும் அவர் "ஆ!" என்றார்.

கட்டிலின் கால்களுக்கு நடுவே தோட்டம் நின்றது. ஒரு சாண் உயரத்திலிருந்து பார்த்த தோட்டம். கிரேன் அறையிலிருந்து தோட்டம் என்றால் ஒரு பழுப்புத் துண்டு, அவ்வளவுதான். இங்கே புல்லின் நுனியில் குளிர்கால உறைபனி ஒவ்வொரு மணியாகத் தெரிந்தது.

உதிர்ந்த இலைகள் மதிலோரம் குவியலாகக் கிடந்தன. அவற்றைக் கூட்டி அள்ள வேண்டிய வாரத்தில்தான் அவருக்குத் திரை விழுந்ததுபோல் கண் மறைந்தது, யாரும் கூட்டவில்லை. மஞ்சள் அலகுள்ள ஒரு கறுப்புப் பறவை அந்தக் குவியலில் இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டித் தூக்கி எறிந்தது, தொலைந்த சாவியைத் தேடுகிறவர்கள் மாதிரி. இலைக்கு அடியில் மண் உறையாது. உறையாத மண்ணில் புழு இருக்கும். தான் கூட்டியிருந்தால் இதற்குச் சாப்பாடு ஏது என்று நினைத்துக்கொண்டார்.

அதன்பின் அவர் திரும்பிப் படுக்கவில்லை. கழுத்து கெஞ்சியது, தோள் எரிந்தது. ஆனால் திரும்பினால் எதையாவது தவறவிடுவோமே என்று இருந்தது.

மனைவி வேலையிலிருந்து வந்ததும் செய்தி வாசிப்பார். "குருவி உருண்டையா இருக்கே, கொழுப்புன்னு நினைச்சேன். இறகைச் சிலிர்த்து நடுவுல காத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு. காத்துதான் அதுக்குக் கம்பளி. என் கண்ணுலயும் காத்து, அதோட உடம்புலயும் காத்து."

"அணில் வந்துச்சா?"

"அதை ஏன் கேட்கிற! குழி தோண்டி, கொட்டையைப் போடற மாதிரி போட்டு, மண்ணை மூடித் தட்டிட்டுப் போச்சு. காக்கா இறங்கித் தோண்டினா உள்ள ஒண்ணுமில்லை. கொட்டை அதோட வாயிலயே இருக்கு!"

"உங்க சூப்பர்வைசர் மாதிரி."

"சிரிக்க வைக்காதே, தலை ஆடுது."

ஏழாம் நாள் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, "நல்லா ஒட்டியிருக்கு. அசையாம இருந்திருக்கீங்க. பார்வை எவ்வளவு திரும்பும்னு குமிழி கரைஞ்சாதான் சொல்ல முடியும்" என்றார்.

நிமிர்ந்து உட்கார்ந்ததும் அந்தக் கண்ணில் ஒரு வேடிக்கை. குமிழி கண்ணுக்குள் மேலே நிற்கிறது. கண்ணுக்குள் பிம்பமோ தலைகீழாக விழுகிறது. ஆகவே மறைந்தது கீழ்ப்பாதி. உலகத்தின் அடியில் கலங்கிய தண்ணீர் தேங்கி நின்றதுபோல் இருந்தது. நாளாக நாளாக அந்தத் தண்ணீர் வடிந்தது. முதலில் மரத்தின் உச்சி வெளியே வந்தது. அப்புறம் மதில். ஐந்தாவது வாரம் இலைக்குவியல். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். கறுப்புப் பறவையின் அலகு மஞ்சளாகத்தான் இருந்தது.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றனவா?

ஞாயிற்றுக்கிழமை காலை கதவருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். சிவப்புக் காய்கள் தொங்கும் ஒரு கிளையில் குருவி உட்கார்ந்திருந்தது, பின்னால் மதில். உத்திரத்தை இறக்கும்போது பார்ப்பதுபோல் கிளையையும் மதிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுவருக்கும் கிளைக்கும் ரெண்டடி. போய் அளந்து பாரேன்."

மனைவி கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அளவு நாடாவுடன் போனாள். குருவி எழுந்து மதில்மேல் போய் உட்கார்ந்து அவளைக் கண்காணித்தது.

"ரெண்டடி ஒரு அங்குலம்!" என்று கத்தினாள். "ஒரு அங்குலம் தப்பு!"

"குருவி எழுந்து போனதுல கிளை நிமிர்ந்திடுச்சு. என் கணக்கு சரிதான்." அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அங்கேயே நில்லு. உள்ள வராதே."

"எதுக்கு? குளிருது எனக்கு."

"சுவருக்கு எவ்வளவு முன்னால நீ நிக்கறேன்னு பார்க்கறேன்."

"உள்ள வந்து நிக்கறேன், பக்கத்துல வெச்சுப் பாருங்க" என்றாள். ஆனால் நின்றாள், நாடாவைக் கையில் சுருட்டிக்கொண்டே, அவர் பார்த்து முடிக்கும்வரை.