இன்ஜின் ஓடாத வகுப்பு

பெட்ரோல், டீசல் விலை ஏறியதும் எங்கள் தையல் கம்பெனி முதல் வேலையாகத் தன் பேருந்தை நிறுத்தியது. இனி அவரவர் வழியில் வந்து சேர வேண்டும் என்று வாசலில் ஒரு தாளை ஒட்டினார்கள். பத்து நிமிடம் பிந்தினாலும் அரை நாள் சம்பளம் போய்விடும் என்பதைத் தாளில் எழுதவில்லை. அது மாதக் கடைசியில் எங்களுக்கே தெரிந்தது.

எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்கள் நான்கு பேர். காலர் தைக்கிறவள், பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவள், இஸ்திரி போடுகிற அக்கா, நான். இரண்டு பஸ் மாறி, படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போய் இறங்குவதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரை வைத்துத்தான் தைக்க வேண்டும். அப்போதுதான் எங்கள் வீட்டு வாசலில் சும்மா நின்ற கார் என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. நான்கு பேரும் பெட்ரோலுக்குப் பங்கு போட்டால் பஸ் காசைவிடக் கொஞ்சம்தான் கூட ஆகும். ஓட்டத்தான் ஆள் இல்லை.

கார் என் கணவருடையது. காலமெல்லாம் அடுத்தவர் வண்டிகளை ஓட்டிச் சேர்த்த காசில் வாங்கியது. போன வருடம் அவர் கண்ணில் கோளாறு என்று சொல்லி, ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாதென்று டாக்டர் தடுத்துவிட்டார். அதிலிருந்து தினமும் துடைப்பார், டயரைத் தட்டிப் பார்ப்பார், உறையைப் போட்டு மூடுவார். விலை ஏறியதும் விற்றுவிடலாம் என்று பேச்செடுத்தார்.

"நான் ஓட்டுறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை டிரைவிங் ஸ்கூலில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"சரி, கத்துக்க. உன் டெஸ்ட் அன்னிக்கே வண்டி பாக்க ஒரு ஆளை வரச் சொல்றேன். நீ பாஸ் பண்ணிட்டு வந்தா அவனைத் திருப்பி அனுப்பிடறேன். இல்லன்னா அன்னிக்கே வண்டி போயிடும். அப்புறம் என்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது" என்றார்.

டிரைவிங் ஸ்கூல் முதலாளியையும் விலை படுத்திக்கொண்டிருந்தது. ஒரு தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலை அளந்து ஊற்றுவார், பச்சைக் குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி. பாட்டில் காலியானதும் இன்ஜினை அணைத்துவிட்டுப் பாடம் நடக்கும். ஷெட்டில் நிற்கிற காரில் உட்கார்ந்து கிளட்சை மிதி, கியரைப் போடு, ஸ்டீயரிங்கைத் திருப்பு. சொல்லிக் கொடுக்கிற தம்பி நல்ல பிள்ளை. "இப்ப செகண்டுல போறீங்கக்கா" என்று சொல்லிவிட்டு, இன்ஜின் சத்தத்தை வாயாலேயே போடுவான். மூன்றாவது கியருக்கு மாறும்போது சத்தத்தையும் மாற்றுவான். காசு கட்டிப் பாட்டுக் கச்சேரிக்கு வந்த மாதிரி இருந்தது எனக்கு.

வண்டி நிஜமாக ஓடுகிற நாட்களில் வேறு தொல்லை. அவன் பக்கமும் ஒரு பிரேக் இருந்தது. சந்து திரும்பும்போது வண்டி அழகாக மெதுவாகும். நானாக நிறுத்தினேனா, அவன் நிறுத்தினானா என்று எனக்கே தெரியாது.

"தம்பி, இப்ப மிதிச்சது யாரு?"

"நீங்கதான்க்கா" என்பான், என் முகத்தைப் பார்க்காமல்.

டெஸ்ட் நாள் வந்தது. பெரிய மைதானம். வளைந்து போக ஒரு பாதை, பின்னால் எடுத்து நிறுத்த ஒரு கட்டம், நடுவில் சின்ன ஏற்றம். ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். ஸ்கூல் காரில் என் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார். வளைவை முடித்தேன், கட்டத்தில் நிறுத்தினேன். ஏற்றத்தில் பாதி ஏறியதும் கார் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிவிட்டது. சாவியைத் திருப்பினேன். உறுமக்கூட இல்லை. பெட்ரோல் முள் தரையில் கிடந்தது.

"இறங்குங்கம்மா. அடுத்த மாசம் வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். பேருந்தை நிறுத்தியவன் மேல், சம்பளத்தைப் பிடித்தவன் மேல், பாட்டிலோடு மர நிழலில் நின்ற முதலாளி மேல் இருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"நான் இறங்க மாட்டேன் சார். தப்பா ஓட்டியிருந்தா பெயில் போடுங்க, வாங்கிக்கறேன். பெட்ரோல் ஊத்தாதது அதோ நிக்கிற முதலாளி. அவருக்குப் பெயில் போடுங்க."

"டெஸ்டுக்கு வண்டி கொண்டு வர்றது உங்க பொறுப்பும்மா."

"அப்ப வேற வண்டி கொண்டு வரேன். எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மத்தியான சாப்பாடு வரைக்கும் இருப்பேன். நிஜமாவே கொண்டு வந்தா பாக்கலாம்."

தம்பியும் நானும் காரை ஓரமாகத் தள்ளினோம். நான் என் கணவருக்குப் போன் போட்டேன்.

"வண்டி பாக்குற ஆள் வந்தாச்சா?"

"வந்துட்டாரு. பேனட்டைத் திறந்து வச்சுப் பாத்துட்டிருக்காரு. உன்னுது என்னாச்சு?"

"அவரை ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல உக்காந்து நேரா இங்க கூட்டிட்டு வாங்க. விலை என்ன ஏதுன்னு இங்க வந்து பேசிக்கலாம்."

"டாங்க்ல பெட்ரோல் கொஞ்சந்தான் இருக்கு" என்றார். பிறகு, "வர்ற வழியில போட்டுக்கறேன்" என்றார். விலை ஏறியதிலிருந்து அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்ததே இல்லை.

இன்ஸ்பெக்டர் சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்த நேரத்தில் எங்கள் கார் மைதானத்துக்குள் நுழைந்தது. வாங்க வந்தவர் ஒன்றும் புரியாமல் இறங்கினார். கணவர் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"இதுல அந்தப் பக்கம் பிரேக் கிடையாது" என்றார் மெல்ல.

"தெரியும்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் மறுபடி ஏறினார். வளைவைத் தாண்டினேன். கட்டத்தில் நிறுத்தினேன். ஏற்றத்தில் பாதியில் நிறுத்திவிட்டு எடுக்கும்போது கார் ஒரு சாண் பின்னால் நழுவியது. அவருடைய கால் தரைவிரிப்பில் பிரேக்கைத் தேடி மிதித்ததைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. வண்டி நின்றது. மிதித்தது என் கால்தான், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அழுகை வருகிற மாதிரி சந்தோஷமாக இருந்தது. கிளட்சை விட்டேன், கார் முக்கிக்கொண்டு மேலே ஏறியது.

"ஒரு சாண் நழுவிச்சு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பிடிச்சேன் சார்."

"பிடிச்சீங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வாங்க வந்தவர் இதுவரை பொறுமையாக நின்றிருந்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு. என்ன விலைன்னு சொன்னீங்கன்னா முடிச்சுக்கலாம்" என்று என் கணவரிடம் கேட்டார்.

"இனிமே அவகிட்டதான் கேக்கணும்" என்றார் கணவர். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை, வேறொன்று இருந்தது.

"விக்கிறதா இல்லண்ணே" என்றேன். "வெயில்ல நிக்காதீங்க, பின்னாடி ஏறுங்க. உங்க வீட்டு வாசல்லயே இறக்கி விடறேன். பெட்ரோலுக்கு உங்க பங்கை மட்டும் குடுத்துடுங்க."