டாங்கில் எழுந்த நுரை

வலது கண் போய் நாலு மாதம் கழித்து வேலப்பன் தானாகவே வலியசாலைக்கு வந்தான். பட்டாபி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பட்டாபியின் மனைவி சூடாமணி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, ரிமோட்டில் பறக்கும் அந்தக் குட்டி விமானத்தை மறுபடியும் பறக்கவிட வேண்டும் என்றான்.

"எடே பட்டாபி, அத மூலையில தூக்கிப் போட்டா ஆச்சா? சரியாக்கு. அடுத்த மாசம் நேமத்துக்குப் போவோம். மிச்சமிருக்க ஒத்தக் கண்ணால நானும் பாக்கட்டு."

பட்டாபி தலையை மட்டும் ஆட்டினான்.

இருவரும் நாலாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பட்டாபி ஒரு கட்டடக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். வேலப்பன் அரசு பஸ் டிரைவர். பதினாறு வருஷமாகப் பொன்முடி மலை வண்டிதான் அவனுக்கு. மழையோ மூடுபனியோ, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஒருநாள் சிணுங்கியதில்லை. "வேலப்பண்ணன் வண்டின்னா தைரியமா கண்ண மூடலாம்" என்று எஸ்டேட் லயத்தில் குடியிருக்கும் பெண்கள் சொல்வார்கள். ஒற்றைக் கண்ணுக்கு யாரும் ஸ்டியரிங்கைத் தரமாட்டார்கள். இப்போது தம்பானூர் பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

நேமத்துக்கு அப்பால் விதைப்பு நின்றுபோன ஒரு வயல் உண்டு. லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அங்கே போவார்கள். பட்டாபி ரிமோட்டைப் பிடிப்பான்; வேலப்பன் வயலின் மறுகோடியில் நின்று, இறங்குகிற விமானத்தை எடுத்து வருவான். விபத்து நடந்த அன்றைக்கு விமானம் ஓடி எழும்பி, தென்னை உயரத்துக்குப் போயிருக்கும். எஞ்சின் ஒரு கணம் வீறிட்டது, பிறகு அப்படியே அணைந்துவிட்டது. பட்டாபி பதறி ரிமோட்டில் விமானத்தின் மூக்கைத் தூக்கினான். எஞ்சின் நின்றபின் மூக்கைத் தூக்கினால் இருக்கிற வேகமும் போய்விடும்; தூக்கியிருக்கக் கூடாது. விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து சுழன்று விழ ஆரம்பித்தது. தரையில் மோதினால் தூள்தூளாகிவிடும் என்று வேலப்பன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதைப் பிடிக்க ஓடினான். புரொபெல்லரின் முனை கண்ணில் பாய்ந்தது.

செல்போன் டவர் சிக்னலைக் குழப்பியிருக்கும் என்றார்கள் கூடப் பறக்கவிடுகிற நண்பர்கள். வேலப்பன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே தீர்ப்பு எழுதிவிட்டான்: "எம் புத்தி கெட்டதுக்கு வேற யாரச் சொல்ல? எவன் என்னைப் பிடிக்கச் சொன்னான்?" பார்க்க வந்த எல்லாரிடமும் அதையே சொன்னான். பட்டாபியும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தான்.

வேலப்பன் வந்துபோன மறுநாள் பட்டாபி மாடிக்கு விமானத்தை எடுத்துக்கொண்டு போனான். ஒடிந்த சிறகை ஒட்டினான், புரொபெல்லரை மாற்றினான். எஞ்சினுக்குப் பின்னால் எரிபொருள் டாங்க் இருக்கும் அறையைத் திறந்தபோது, டாங்க் மரப்பலகையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது.  டாங்கைச் சுற்றி விரல் தடிமனில் ஒரு ஸ்பாஞ்சு இருக்க வேண்டும். எஞ்சினின் அதிர்வு டாங்குக்குப் போகாமல் தடுப்பது அதுதான். விபத்துக்கு முந்தின வாரம் சிக்னல் வாங்கும் கருவிக்குப் பெரிய பேட்டரி ஒன்று வாங்கியிருந்தான். அது உள்ளே போகவில்லை. ஸ்பாஞ்சை உருவிவிட்டுத்தான் அதைச் செருகினான். அப்புறமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தது இப்போது ஞாபகம் வந்தது.

ஆனாலும் அதுதான் காரணம் என்று யார் கண்டது? ஒரு பழைய பெஞ்சில் விமானத்தைக் கட்டினான். பக்கத்து மூடியைக் கழற்றி வைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. டாங்கில் தெளிவாக இருந்த எரிபொருள், சோப்புத் தண்ணீரைச் சிலுப்பின மாதிரி வெள்ளையாகப் பொங்கியது. டியூபில் குமிழிகள் வரிசை வரிசையாக எஞ்சினை நோக்கி ஓடின. எரிபொருளுக்குப் பதில் காற்றை விழுங்கிய எஞ்சின் வீறிட்டு நின்றது. வயலில் கேட்ட அதே சத்தம்.

டாங்கைக் காலி செய்து, ஸ்பாஞ்சு சுற்றி, மரத்தில் எங்கும் படாதபடி வைத்து, மறுபடி நிரப்பி ஓடவிட்டான். கடைசிச் சொட்டு வரை ஒரு குமிழி இல்லை. ஸ்பாஞ்சை எடுத்தால் நுரை, வைத்தால் இல்லை. மூன்று தடவை பார்த்துவிட்டான்.  எரிபொருளில் கலந்த ஆமணக்கெண்ணெயின் புகை சூழ்ந்த அந்த மாடியில், சூடாமணி வந்து கூப்பிடும்வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "சொல்லாதேங்கோ. சொன்னா அவருக்குக் கண்ணு வந்துடுமா?"

"வராது. ஆனா அவன் தன்னையே வைதுண்டிருக்கான், சூடா. அதைக் கேட்டுண்டு எப்படி நிக்கறது?"

"நீங்க நிம்மதியா இருக்கணும்னு சொல்லப் போறேளா, அவர் நிம்மதியா இருக்கணும்னா?"

 ஞாயிற்றுக்கிழமை காலை பட்டாபி கரமனையில் வேலப்பன் வீட்டுக்குப் போனான். "வாங்கண்ணே" என்று வேலப்பனின் மனைவி முத்தாரம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டாள். பட்டாபி உட்காரவில்லை. நின்றபடியே ஸ்பாஞ்சு, பேட்டரி, நுரை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தான். முத்தாரம்மாள் உள்ளே போய்விட்டாள்.

வேலப்பன் தரையைப் பார்த்தபடி கேட்டான்:

"அன்னைக்கு பறக்கவிடுததுக்கு முன்ன நான் கேட்டேன்லா? டியூபுல நொரையாட்டு ஓடுதே, அது என்னதுன்னு."

 வேலப்பன் அதை மறந்திருப்பான் என்றே பட்டாபி நினைத்திருந்தான்.

"கேட்டே."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லைன்னேன்."

"ம். ஒண்ணுமில்லைன்ன." வேலப்பன் மெல்லத் தலையாட்டினான். "இத்தன நாளும் நான் என்னையேதாண்டே ஏசிட்டு இருந்தேன். எம் பெழைன்னா அத எனக்குள்ள வச்சுக் கழிச்சிரலாம். ஒரு மாதிரி பழகியும் போச்சு. இப்ப நீ வந்து ஒம் பெழைன்னு சொல்லுத. ஒம் பெழைய நான் எங்க கொண்டு வைக்க?"

"வேலப்பா, என்னை ரெண்டு அடி அடிச்சுடுடா."

"அடிச்சா?" வேலப்பன் எழுந்தான். "ஒனக்கு எறக்கி வைக்கணும்னு இருந்து. எறக்கியாச்சு. இனி போ."

அதற்குப் பிறகு வேலப்பன் போனை எடுக்கவில்லை. பட்டாபி இரண்டு முறை கரமனைக்குப் போனான். இரண்டு முறையும் முத்தாரம்மாள் கதவைப் பாதி திறந்து, "அவிய இல்ல" என்றாள். வேலப்பனின் செருப்பு வாசலில்தான் கிடந்தது.

விமானம் பறக்கவிடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவன் ஒரு குறிப்பு எழுதிப் போட்டான். டாங்க் பலகையில் உரசக் கூடாது, ஸ்பாஞ்சு சுற்றியே வைக்க வேண்டும், எஞ்சினைப் பிடித்திருக்கும் திருகாணிகளும் புரொபெல்லரின் சமநிலையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், டியூபில் ஒரு குமிழி கண்டாலும் அன்றைக்குப் பறக்கவிடக் கூடாது. யார் கண் போனது, யாரால் போனது என்பதையும் எழுதினான். சாயங்காலத்துக்குள் நாற்பத்தாறு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். அனந்தபத்மநாபன் என்ற நண்பர், 'ரொம்ப உபயோகமான விஷயம்' என்று எழுதியிருந்தார். பட்டாபி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

மூன்றாவது வாரம் பொறுக்கமாட்டாமல் மத்தியானம் தம்பானூருக்குப் போனான். விசாரணைக் கவுண்டரில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவனும் வரிசையில் நின்றான். கண்ணாடிக்குப் பின்னால் வேலப்பன் மைக்கில் வண்டி எண்களை வாசித்துக்கொண்டிருந்தான். வலது பக்கம் வந்து நிற்கிறவர்களைப் பார்க்க முழுத்தலையையும் திருப்ப வேண்டியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, சொல்ல நினைத்து வந்ததெல்லாம் பட்டாபிக்கு உதிர்ந்துகொண்டே போனது.

அவன் முறை வந்தது. வேலப்பன் தலையைத் திருப்பி அவனை நேராகப் பார்த்தான். முகத்தில் கோபம்கூட இல்லை.

"எவிடேக்கா, சார்?"

எங்கே போகணும் என்று எல்லாரையும் கேட்கிற மாதிரி மலையாளத்தில் கேட்டான். நாலாம் வகுப்பிலிருந்து இன்றுவரை இருவரும் தங்களுக்குள் ஒரு வார்த்தை மலையாளம் பேசிக்கொண்டதில்லை. பட்டாபி கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஒரு ஊர்ப் பெயரும் வாயில் வரவில்லை. பின்னால் நின்ற அம்மாள் பொறுமை இழந்து, அவன் தோளுக்கு மேலாக நெய்யாற்றின்கரை வண்டி எப்போது என்று கேட்டாள். வேலப்பன் அவளுக்கு நேரம் சொன்னான்.