பன்னிரண்டாவது குப்பி

பன்னிரண்டாவது குப்பி மூடிகூடத் திறக்கப்படாமல் ஃப்ரீசரிலேயே கிடந்தது. நெவெனா அதைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பன்னிரண்டு வகை நுண்ணுயிரிகளைக் கலந்து ஐந்து ஆய்வகங்களுக்கு அனுப்பியவள் அவள்தான். கலவையில் என்னென்ன இருக்கின்றன என்று மரபணுக்களைப் படித்தே அவர்கள் சொல்ல வேண்டும். யாருடைய முறை நல்லதென்று அதை வைத்துத்தான் முடிவாகும். கடைசி வகையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சேர்த்திருக்க வேண்டும். அன்று அவளுக்குக் காய்ச்சல். சேர்த்ததாகக் குறிப்பேட்டில் மட்டும் எழுதியிருந்தாள்.

காலையில் வந்த அறிக்கைகளை மறுபடி எடுத்தாள். நான்கு ஆய்வகங்கள் பதினொரு வகை என்றன. பாவம், சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். ஐந்தாவது, அவள் கணவன் லூபென் அனுப்பியது. அதில் பன்னிரண்டு. கடைசியானது, பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆறு வருடமாக அவன் உயிரைக் கொடுத்து உருவாக்கிய முறை. அதற்காக இரண்டு கோடைகள் கடல் பக்கமே போகாமல் ப்லோவ்டிவ் நகரத்து வெயிலில் வெந்திருக்கிறார்கள். குறிப்பேடு வீட்டில் சமையலறை மேசைமேல்தான் கிடக்கும். கட்டிக்கொண்டவனிடம் எதைப் பூட்டி வைப்பது?

மதியம் லூபென் சுடச்சுட பனித்ஸா, அவளுக்குப் பிடித்த பாலாடைக்கட்டி அடை, வாங்கிக்கொண்டு அவள் அறைக்கே வந்துவிட்டான்.

"என்ன மேடம், மூஞ்சி உம்முனு இருக்கு? ஜெயிச்சவன் வந்திருக்கேன்ல."

"அந்தப் பன்னெண்டாவத எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அதுக்குத் தோல் கெட்டி, லேசுல உடையாது. மத்தவங்க அவசரக்குடுக்கைங்க. நான் நல்லா நொறுக்கிட்டுப் படிச்சேன், மாட்டிக்கிச்சு."

கூசாமல் சொன்னான். வீட்டில் அவளிடம் பேசுகிற அதே குரல்.

"நான் அதக் கலக்கவே இல்ல, லூபென்."

"நோட்டுல எழுதி…" என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அன்று காய்ச்சலில் கிடந்தவளுக்கு சூப் வைத்துக் கொடுத்து, போர்த்திவிட்டு, "நீ தூங்கு" என்று சமையலறைப் பக்கம் போனவன். இவனையா நம்பினோம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவன் குரலைத் தாழ்த்தினான். "யாருக்குத் தெரியப்போகுது? உன் தப்பும் மறைஞ்சிடும், என் பேரும் நிக்கும்."

"அந்த நாலு பேரு?"

"அவங்களுக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நான் உன் புருஷன்டி."

அவள் கணினிப் பக்கம் திரும்பி மின்னஞ்சல் தட்டினாள். 'பன்னிரண்டாவதை நான் கலக்கவில்லை. தவறு என்னுடையது. பதினொன்றுதான் சரி.' நான்கு முகவரிகளைச் சேர்த்தாள். ஐந்தாவதில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதையும் சேர்த்து அனுப்பினாள்.

லூபெனின் சட்டைப்பையில் கைபேசி ஒலித்தது. அவன் எடுத்துப் பார்க்கவில்லை.