முன்னால் ஓடியவள்

அந்தக் குடும்பத்தில் தையல்காரிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘ஓடிப்போனவள்.’ இளவயதில் ஓர் எலக்ட்ரீஷியனைக் காதலித்தாள். அண்ணன் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தெரிந்ததும், கட்டிய துணியோடு கிளம்பிப் போய்ப் பதிவாளர் முன் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அண்ணன் பல வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கோபம் தணிந்து வீட்டுக்குள் விட்டார். பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. மற்றவர்கள் சொன்னால் அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள். அண்ணன் வாயிலிருந்து வந்தால்தான் சுருக்கென்று இருக்கும்.

இப்போது அண்ணன் மகள், தன்னோடு வேலை பார்க்கும் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். அண்ணன் ஒரு வாரம் உர்ரென்று இருந்துவிட்டு, “சரி, நடக்கட்டும்” என்றார். கல்யாண உடையை அத்தையே தைத்தாள்.

வரவேற்பன்று மணப்பெண் மைக்கை வாங்கினாள். அப்பா அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, “அடுத்தது எங்க அத்தை. எங்க குடும்பத்துக்கே அவங்கதான் முன்னோடி” என்றாள்.

மண்டபம் கைதட்டியது. தையல்காரிக்குக் கூச்சத்தில் முகம் சிவந்துவிட்டது.

முன்வரிசையில் இருந்த காது மந்தமான சித்தப்பா, “முன்னோடியா? அப்படின்னா?” என்று உரக்கக் கேட்டார்.

பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா. அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒரு சொல்லைக் கையில் கொடுத்தால் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். குடும்பத்துக்குப் புதுசு, பட்டப்பெயர் விவகாரம் எதுவும் தெரியாது. சித்தப்பாவின் காதருகே குனிந்து, ஆனால் ஊருக்கே கேட்கும்படி விளக்கினார்: “முன் கூட்டல் ஓடி. கூட்டத்துக்கு முன்னாடி ஓடிப்போய் வழி பாக்குறவங்க. அதுலருந்துதான், ஒரு விஷயத்தை முதல்ல செஞ்சு மத்தவங்களுக்கு வழி திறந்தவங்களையும் அப்படிச் சொல்றோம். சுருக்கமாச் சொன்னா, முதல்ல ஓடினவங்க!”

மண்டபம் கப்சிப். எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று விழித்தார்.

முதலில் வெடித்துச் சிரித்தது தையல்காரிதான். “அர்த்தம் அச்சு அசலா சரிங்க சம்பந்தி!” என்றாள். அவ்வளவுதான், மண்டபமே குலுங்கியது. அண்ணன் உதட்டைக் கடித்துப் பார்த்தார்; முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் தங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஓடினது ஓடின, ஒரு வார்த்தை சொல்லிட்டு ஓடியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா விட்டிருப்பியாண்ணா?”

யோசித்தார். “கால ஒடிச்சிருப்பேன்” என்றார். பிறகு தணிந்த குரலில், “உன்கிட்ட அவ்வளவு நாள் பேசாம இருந்திருக்கக் கூடாது. எம் பொண்ணு ஓட வேண்டி வரலயே, அது உன்னாலதான்” என்றார்.

தையல்காரி தன் தட்டிலிருந்த இனிப்பை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். சர்க்கரை வியாதிக்காரர், மறுக்காமல் சாப்பிட்டார்.

மறுவாரம் அண்ணன் முதன்முறையாக அவள் தையல் கடைக்கு வந்தார், இடுப்பைப் பிடித்துத் தைக்க வேண்டிய ஒரு கால்சட்டையோடு.